அரைவயிற்றுப் பேட்டரி

கூரியர்க்காரன் அப்படிக் கத்தியிருக்க வேண்டியதில்லை.

"பேட்டரி பார்சல்! பேட்டரிக் கடைக்கே பேட்டரி பார்சல் வந்திருக்குங்க!"

லாரி பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க வந்து நின்ற டிரைவர்கள் இருவர் பல்லைக் காட்டினார்கள். எதிர்க்கடை டயர்காரர் தன் வாசலில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"என்னண்ணே, கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்துட்டாங்களா?"

கல்லாவில் இருந்த பெரியவர் பார்சலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மேலே எழுதியிருந்தது அவர் மருமகளின் பெயர். காது மடல் சுட்டது. அப்பன் காலத்திலிருந்து இந்தத் தெருவில் பேட்டரி என்றால் இந்தக் கடைதான். 'அவங்க சொன்னா சரியா இருக்கும்' என்று ஊர் சொல்லும் ஒற்றை வார்த்தைதான் இந்தக் குடும்பம் சேர்த்த சொத்து. அந்த வீட்டு மருமகள், படி இறங்கி வந்து கேட்டால் கிடைக்கிற சரக்கை விட்டுவிட்டு, எங்கோ முகம் தெரியாத கடையிலிருந்து தருவித்திருக்கிறாள். அதுவும் தெரு முழுக்கத் தெரியும்படி.

"கையெழுத்து போடுங்க ஐயா."

பேப்பர் கிழிகிற மாதிரி போட்டுக் கொடுத்தார்.

மாடியில்தான் வீடு. மருமகள் சாப்பாட்டு மேசையில் தன் ரோபோவைக் கவிழ்த்துப் போட்டுத் திருப்புளியால் முடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்க்கிற மேசையில். மற்ற நேரமெல்லாம் இதுதான். இரண்டு ரோபோக்கள் ஒரு வட்டத்துக்குள் முட்டி மோதி, ஒன்றை ஒன்று வெளியே தள்ளுகிற போட்டி. அவளுடையதன் பெயர் முரடன். முரடன் முதுகில் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. ஒட்டச் சொன்னவர் பெரியவர்தான்.

பார்சலை மேசையில் போட்டார். "இது என்ன?"

"வந்துடுச்சா! என் பேட்டரி மாமா."

"ஓகோ, உன் பேட்டரி. அப்ப கீழே அடுக்கி வெச்சிருக்கிறது என்ன, செங்கல்லா?"

"செங்கல்லா இருந்தா இன்னொரு மாடியாவது கட்டியிருக்கலாம்" என்றாள் உள்ளிருந்து அவர் மனைவி.

"நீ சும்மா இரு!"

மருமகள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "மாமா, முரடன் மொத்தமே மூணு கிலோவுக்கு மேல போகக் கூடாது, அதுதான் விதி. நம்ம கடையிலேயே சின்ன பேட்டரி ரெண்டரை கிலோ. மிச்ச அரைக் கிலோவுல மோட்டர், சக்கரம், தகடு எல்லாம் எங்க போகும்? பேட்டரியை வட்டத்துக்கு நடுவுல வெச்சுட்டு நான்தான் கையால தள்ளணும்."

"இது?"

"கால் கிலோ கூட இல்ல. எதிர் வண்டி வந்து முட்டும்போது மோட்டர் ஒரே மூச்சுல கரண்டை இழுக்கும் பாருங்க, அப்ப இது படுத்துடாது. அதுக்காகத்தான் இதைத் தேடி எடுத்தேன்."

பார்சலைப் பிரித்தாள். உள்ளே இரண்டு. நீல உறை சுற்றிய சோப்புக்கட்டி போல மெத்தென்று இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு தடித்த வயர், நுனியில் மஞ்சள் பின். பக்கத்தில் மெல்லிய வயர்களோடு ஒரு குட்டி வெள்ளைப் பின். அந்த வெள்ளைப் பின்னில் தீப்பெட்டி அளவு மீட்டரைச் செருகிப் பார்த்தாள்.

"உள்ளே மூணு அறை. மூணும் மூணு புள்ளி எட்டு வோல்ட். அருமை." இரண்டையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"சார்ஜ் போடல?"

"இப்ப போடக் கூடாது மாமா. இதை அரைவயித்தோடதான் வெக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில போட்டிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நிரப்பினா போதும். வயிறு நிறைய வெச்சு நாள் கணக்கா போட்டா உப்பிக் கெட்டுப்போயிடும்."

அரைவயிறு! பெரியவர் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. அவர் தொழிலில் அது வசைச்சொல். ஈய பேட்டரியைக் குறைச் சார்ஜில் விட்டால் உள்ளே தகட்டில் வெள்ளையாகப் பொரிந்து, பிறகு எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது. அரைவயிற்றோடு எந்தப் பேட்டரியும் இந்தக் கூரையின் கீழ் தூங்கக் கூடாது என்பது கடையின் சட்டம். அதை மறந்த வேலையாள் மறுநாள் வேறு வேலை தேடியிருக்கிறான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"வித்தவங்களும் சொன்னாங்க, நானும் படிச்சேன். இது வேற சாதி மாமா, லித்தியம். உங்க பேட்டரி வழக்கம் இதுக்குப் பொருந்தாது."

"பேட்டரி பேட்டரிதான். எனக்குப் பாடம் எடுக்காதே."

"அப்பா, அவளுக்கு அதெல்லாம் தெரியும்" என்று மகன் மெதுவாக வாயைத் திறந்தான்.

"நீ பேசாதே, மதில் மேல் பூனை!"

மறுநாள் சனிக்கிழமை. மருமகள் வேலைக்குப் போய்விட்டாள், அவளுக்கு அன்று அரை நாள். பெரியவருக்குக் கல்லாவில் இருப்புக் கொள்ளவில்லை. டயர்காரர் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் ஊசிக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். மாடிக்குப் போனார், தகரப் பெட்டியைத் திறந்தார், ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். கடை மீட்டரை மஞ்சள் பின்னில் வைத்துப் பார்த்தார்.

பதினொன்று புள்ளி நான்கு.

பன்னிரண்டு வோல்ட் ஈய பேட்டரி மட்டுமே பார்த்த கண்ணுக்கு அது பிணத்தின் நாடி. நல்ல பேட்டரி பன்னிரண்டரைக்கு மேல் காட்ட வேண்டும். பதினொன்று புள்ளி நான்கு என்றால் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். பெரியவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செத்த சரக்கைத் தள்ளிவிட்டு, 'அரைவயித்தோட வை' என்று கதையும் அளந்திருக்கிறான் எவனோ ஒரு திருடன். நாளை அரங்கம் நிறைந்த கூட்டத்தின் நடுவே, முதுகில் கடைப் பெயரைச் சுமந்துகொண்டு முரடன் மூச்சுப் பேச்சில்லாமல் நிற்கப் போகிறது. பேட்டரிக்காரன் வீட்டு ரோபோவுக்குப் பேட்டரி இல்லை! டயர்காரருக்கு அடுத்த வருடம் வரைக்கும் சிரிக்க அது போதும்.

லாரி பேட்டரி போடுகிற சார்ஜரை இழுத்தார். அதன் கிளிப்பு மஞ்சள் பின்னுக்குள் நுழையவில்லை. இரண்டு ஆணியைச் செருகி, ஆணியில் கிளிப்பை மாட்டினார். வெள்ளைப் பின் சும்மா தொங்கியது. அது எதற்கென்று அவருக்குத் தெரியாது, தெரியாததைக் கேட்டும் பழக்கமில்லை. திருகைப் பன்னிரண்டில் வைத்தார். முள் ஏறியது. "குடி, நல்லா குடி" என்றார்.

பைக்குக்குப் பேட்டரி கேட்டு ஒருவர் வந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் நீலச் சோப்புக்கட்டி தலையணை போல உப்பிக்கொண்டிருந்தது. பெரியவர் கிளிப்பைப் பிடுங்கினார். உறை வெடித்து உஸ்ஸென்று வெள்ளைப் புகை சீறியது. நீளக் குறடால் கவ்வித் தெருவில் எறிந்தார். எறிந்த இடத்தில் பந்தம் போல ஒரு தீ ஆளுயரத்துக்கு எழும்பியது. டயர்காரர் மணல் வாளியோடு ஓடி வந்து கொட்டினார். ஆளுக்குச் சேதம் இல்லை. பெரியவரின் மீசை நுனி மட்டும் பொசுங்கியிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது.

"யாரு பேட்டரிண்ணே? நம்ம கடையுதா?"

"நம்ம கடையுது இல்ல" என்றார் பெரியவர்.

அது பொய் இல்லை. மிச்சத்தைத் தெருவே சொல்லி முடித்துக்கொண்டது. நேத்து பார்சல்ல வந்ததாம். மருமக வாங்கினதாம். பெரியவர் பேச்சைக் கேட்டிருந்தா இது வருமா? எவ்வளவு பெரிய மனுசன், பக்கத்துலேயே வெச்சுக்கிட்டு... அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். தெரு அவர் பக்கம் இருந்தது. நேற்றிலிருந்து வெந்துகொண்டிருந்த நெஞ்சுக்கு அது இதமாகக்கூட இருந்தது.

சரக்கு எடுக்கப் போயிருந்த மகன் திரும்பி வந்து கரியைப் பார்த்தான், வாசலில் நின்று சத்தம் போட்டான். "அப்பவே சொன்னேன், இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்னு! இனிமே இந்த வீட்டுல ரோபோவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!" அவன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. பூனை மதிலை விட்டு இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த நேரம் மருமகள் வந்து சேர்ந்தாள். தெருமுனையிலேயே யாரோ எல்லாம் சொல்லிவிட்டிருந்தார்கள், அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மணலைக் காலால் விலக்கினாள். உருகின மஞ்சள் பின்னில் இரண்டு ஆணி நின்றது. நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். அவர் பெயர்ப்பலகையைப் பார்த்தார்.

மகன் பார்சல் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான். எடுத்தது ஒரு பெண் குரல்.

"உங்க பேட்டரி வெடிச்சிருக்கு! ஆள் செத்திருந்தா யார் பொறுப்பு?"

"ஐயோ, யாருக்காவது அடி பட்டுச்சா சார்?"

"படல. பட்டிருந்தா?"

"எந்த சார்ஜர்ல போட்டீங்க?"

"அதெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தராதீங்க. மூணு தலைமுறையா எங்களுக்குப் பேட்டரிதான் தொழில்."

"நல்லது. அப்ப சொல்லுங்க, எந்த சார்ஜர்? வெள்ளைப் பின்னை மாட்டினீங்களா? யார் போட்டது?"

"போனை வைங்க" என்றாள் மருமகள் கணவனிடம். அவன் காதில் விழவில்லை.

"யார் போட்டா உனக்கென்ன? கெட்ட சரக்கை வித்துட்டு கேள்வி வேற கேக்குறியா? ஊர் பூரா சொல்றேன் பார், உன் கடையை மூட வெக்கிறேன்!"

போனில் அவள் பின்வாங்கவில்லை. "நான் செஞ்ச தப்புன்னா காட்டுங்க சார், தலையைக் குனிஞ்சுக்கிறேன். நீங்க செஞ்ச தப்புக்கு என் கடைப் பேரைக் கெடுக்காதீங்க."

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய வாக்கியம். சார்ஜரை மாற்றி மாட்டி அழித்தவன், குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கெடுத்தவன், எல்லோரும் வந்து 'உன் பேட்டரி சரியில்லை' என்று இதே வாசலில் நின்று கத்துவார்கள். அவரும் இதே கேள்விகளைக் கேட்பார். எந்த சார்ஜர், யார் போட்டது. ஒருவனைச் சட்டையைப் பிடித்தே தெருவில் தள்ளியிருக்கிறார். உலகத்தில் அவர் காறித் துப்புகிற ஒரு சாதி உண்டென்றால் அது, தன் கையால் கெடுத்துவிட்டு விற்றவன் மேல் பழி போடுகிறவன்தான். இப்போது அந்தப் பழியைத் தன் மகன், தன் அப்பன் பெயரைச் சொல்லி, தன் கடை வாசலில் நின்று போடுகிறான்.

போனைப் பிடுங்கினார்.

"நான்தான்மா போட்டேன். அவனோட அப்பன். லாரி சார்ஜர்ல போட்டேன். வெள்ளைப் பின்னைத் தொடவே இல்ல."

போனில் அவள் பிடித்துக்கொண்டாள். "லாரி சார்ஜர்லயா? பேட்டரிக்காரர்னு வேற சொல்றீங்க! மூணு அறை பேட்டரிய்யா அது, பன்னெண்டு புள்ளி ஆறுக்கு மேல ஒரு துளி ஏறக் கூடாது. உங்க சார்ஜர் பதினாலுக்கு மேல தள்ளும். வீடே எரிஞ்சிருக்கும். கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? வீட்டுல விவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இல்லையா?"

"இருக்காங்க. கேக்கல."

"கேக்கலையா? என்ன மனுசங்கய்யா நீங்க!"

"திட்டும்மா, இன்னும் நல்லா திட்டு, தெருவே கேக்குது. உன் சரக்குல குத்தமில்ல. போதுமா?"

போனை மகன் கையில் திணித்தார். "மூணு தலைமுறையாம்! அந்தப் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி வாயைக் கழுவிட்டு வா." பிறகு தெருப்பக்கம் திரும்பினார். "மருமக வாங்கினது கேடுன்னு சொன்ன வாயெல்லாம் எங்க போச்சு? அவ வாங்கினது நல்ல பேட்டரி. கெடுத்தது நான். சிரிக்கிறவன் என் மூஞ்சிக்கு நேரா வந்து சிரி!"

டயர்காரர் காலி வாளியை எடுத்துக்கொண்டு தன் கடைக்குள் போய்விட்டார்.

மருமகள் மட்டும் அசையவில்லை. "போன்ல சொல்லிட்டீங்க, தெருவுக்கும் சொல்லிட்டீங்க. நான் வந்து நிக்கிற வரைக்கும் ஏன் மாமா சொல்லல? ஊரே என்னைப் பேசுச்சு. மீசையைத் தடவிக்கிட்டு நின்னீங்களாமே?"

பெரியவரின் கை மீசைப் பக்கம் போய்த் திரும்பியது.

"நேத்தே படிச்சுப் படிச்சு சொன்னேன். கீழே பேட்டரி வாங்க வர்ற யார் பேச்சையும் காது கொடுத்துக் கேக்குறீங்க. வீட்டுல இருக்கிறவ சொன்னா ஏறாது."

ஆணிகளைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அன்று வீட்டில் தட்டுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. "ஒருத்தரும் பேசாததுனால எனக்குத் தலைவலி இல்ல" என்று மாமியார் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் மருமகள் தன் சின்னச் சார்ஜரை வைத்தாள். மிச்சமிருந்த ஒரே பேட்டரியை ஒரு பழைய மண் சட்டிக்குள் வைத்து, மஞ்சள் பின்னை மாட்டி, வெள்ளைப் பின்னையும் மாட்டினாள். லித்தியம் என்று ஒரு பொத்தான், மூன்று அறை என்று ஒரு பொத்தான். பிறகு ஒரு முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

பெரியவர் கதவோரம் வந்து நின்றார். சார்ஜரின் கண்ணாடியில் மூன்று அறைகளுக்கும் தனித்தனி எண் ஓடியது. ஒன்று முந்தினால் மற்ற இரண்டும் வந்து சேரும்வரை அதை நிறுத்திப் பிடித்தது. தெரியாமல் இரண்டடி முன்னே வந்துவிட்டார்.

"கரண்டை இன்னும் கொஞ்சம் கூட்டி வெச்சா..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க மாமா."

இந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பெரியவருக்குச் சுருக்கென்றது. மகன் மேல் கோபம், தெருவின் மேல் கோபம், பொசுங்கின மீசையின் மேல் கோபம், எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. ஆனாலும் கையைப் பின்னால் கட்டினார். முதுகு மட்டும் வளையவில்லை.

டயர்காரர் சந்து வழியாக எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, காவலா?"

"ஆமா, காவல்தான். இதுமேல எவன் கை வெச்சாலும் ஒடிச்சுப் போடுவேன். வாயை மூடிக்கிட்டு போ, சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு!"

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா. உங்க நிழல் விழுது, நம்பர் தெரியல."

பெரியவர் தள்ளி நின்றார்.