இந்த நாட்டில் பார்க்க முடியாதது

கதவை மிதித்துத் திறந்த இன்ஸ்பெக்டர், யோகலட்சுமியின் முடியைப் பிடித்து இழுத்தார். "ஏட்டி, செல்லு எங்க?"

தலையில் கட்டோடு பாயில் கிடந்த அவள் கணவன் இசக்கிராஜா எழுந்திருக்கப் பார்த்தான். முறிந்த விலா விடவில்லை. போலீஸ்காரர் ஒருவர் அந்த விலாவிலேயே மிதிக்க, செல்லை எடுத்து நீட்டிவிட்டாள். இன்ஸ்பெக்டர் அதை அம்மிக்குழவியால் நொறுக்கிவிட்டுப் போனார்.

முந்தின நாள், ஊர் மேய்ச்சல் நிலத்தில் வேலி போட வந்த சோலார் கம்பெனிக்காரர்களை ஆடு வளர்க்கிறவர்கள் மறித்து உட்கார்ந்தார்கள். போலீஸ் அடித்து விரட்டியது. ஈரக் கரிசலில் கால் புதைந்து விழுந்த இசக்கிராஜாவை இன்ஸ்பெக்டரும் ஆட்களும் சூழ்ந்துகொண்டு, லத்தி முறியும்வரை அடித்தார்கள். யோகலட்சுமி கதறிக்கொண்டே படம் பிடித்தாள். பக்கத்து வீட்டுக் காவியா அதை நெட்டில் ஏற்ற, பொழுது சாய்வதற்குள் ஊர் உலகமெல்லாம் பார்த்தது. மறுநாள் விடிந்தபோது அது இல்லை. தேசப் பாதுகாப்பு கருதி இந்தியாவில் தடை செய்யப்பட்டதாக ஒரு வரி மட்டும் நின்றது. ஆடு மேய்க்கிறவனின் விலா எலும்பில் தேசத்துக்கு என்ன ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரமே இசக்கிராஜா ஆஸ்பத்திரியில் ரத்தம் கக்கிச் செத்தான். பைக்கிலிருந்து விழுந்து இறந்ததாகப் போலீஸ் எழுதியது.

சாவுக்கு ஷார்ஜாவிலிருந்து வந்த யோகலட்சுமியின் அண்ணன் இசக்கிபாண்டியின் செல்லில் அந்த வீடியோ இருந்தது. அங்கே தடை இல்லை. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் யோகலட்சுமி அதை நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தடை பண்ணுனத நான் பாக்கக் கூடாதும்மா. அடிச்சதுக்கு வேற ஆதாரம் இருந்தாக் குடுங்க."

காரியத்தன்று சாயங்காலம் பந்தலில் ஒரு வேட்டியைக் கட்டி, வாடகைப் புரொஜெக்டரில் அதை ஓடவிட்டாள். சாப்பிட்ட ஈரக் கையோடு ஊரே உட்கார்ந்து பார்த்தது. விஷயம் எட்டி இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கியபோது, வேட்டித் திரையிலும் அவர்தான் நின்றார். நிறுத்தச் சொல்லி லத்தியை ஓங்கினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"இருங்க சார்," என்றாள் யோகலட்சுமி. "அவிய இப்பந்தான் கையெடுத்துக் கும்பிடுதாவ. இதுக்கு அடுத்துதான் நீங்க தலையில அடிப்பீய."