மூன்று நாள் விளம்பரம் வேண்டாம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, கோழிக் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த என் மனைவி அடோயோ, தன் போனை என் தேநீருக்குப் பக்கத்தில் வைத்து, "இப்பப் போடட்டுமா வாத்தியாரே?" என்றாள். நாளைக்கு என்றேன். தேநீரில் சர்க்கரை போதவில்லை என்றும் சொன்னேன்.

(முதல் வரைவில் அந்தக் காலை மழை பெய்தது. உண்மையில் நல்ல வெயில். மழையெல்லாம் மேலே மலையில்.)

2

ஏரிக்கரை நகரமான கிசுமுவில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவுக்கு நான்தான் நிர்வாகி. முப்பது வருடம் கட்டுரை திருத்தியவனுக்கு வேறென்ன பதவி கிடைக்கும். குழுவில் பாதிப் பேர் எதையாவது விற்பவர்கள். ஒருமுறை ஒரு தாய் தன் மகன் இறந்துபோனதை எழுதினாள். அடுத்த நிமிடமே ஒருவர் செருப்புப் படங்களைப் போட்டு, இரண்டு ஜோடிக்கு விலை குறைப்பு என்றார். அவள் குழுவிலிருந்து விலகினாள்.

அன்று விதி எழுதினேன்: துக்கச் செய்தி வந்தால் மூன்று நாள் விளம்பரம் வேண்டாம். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். அடோயோவும்தான்.

[குறிப்பு: அந்த விதியில் எனக்குப் பெருமை இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.]

3

பிறகு பெரிய மழைக்காலம் வந்தது. தினமும் செய்தியில் யாராவது வெள்ளத்தில் போனார்கள். ஒவ்வொரு சாவுக்கும் குழுவில் மெழுகுவத்திப் படங்கள். அன்றிலிருந்து புதிதாக மூன்று நாள். பதினொரு நாள் யாராலும் எதையும் விற்க முடியவில்லை. பொடிமீன் கருவாடு விற்கும் அகோத், செத்தவர்களுக்கு மட்டும்தான் இந்தக் குழுவில் இடமா என்று தெருவில் வைத்தே கேட்டாள். சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

கருவாடு காத்திருக்கும். கறிக்கோழியை நாற்பத்திரண்டாம் நாள் விற்றாக வேண்டும். அதற்குமேல் அது தின்னும் தீனி வளர்த்தவரைத் தின்னும். அடோயோவின் நூற்றிருபது கோழிக்கு அந்தச் செவ்வாய் ஐம்பதாவது நாள். திருத்தித் தரச் சொல்லி அவள் எனக்கு அனுப்பியிருந்த விளம்பரம் இது:

"கோழி இருக்கு. துக்க வீட்டுக்கும், வெள்ளத்துல வீடு இழந்து பள்ளிக்கூடத்துல தங்கியிருக்கிறவங்களுக்கும் சமைக்கிறவங்க பாதி விலை குடுத்தாப் போதும். மத்தவங்க முழு விலை குடுங்க, அப்பத்தான் இது நடக்கும்."

துக்கத்தை வைத்து வியாபாரம் செய்கிற மாதிரி இருக்கிறது என்றேன்.

"துக்க வீட்டுல யாரும் சாப்பிடுறதே இல்லையா? போன வாரம் நீங்க மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டீங்க."

நான் இரண்டு காற்புள்ளிகளைச் சேர்த்தேன்.

4

நான் 'போடு' என்று சொல்லும் வடிவம்: அவள் அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் அறுபது கோழி

(இல்லை.)

அவள் விதியை மீறி அனுப்பிவிடும் வடிவம்: இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. அடோயோ என்னை முகத்துக்கு நேரே கேலி செய்வாள், பிறகு சத்தமில்லாமல் வேறு வழி தேடுவாள்.

அப்படித்தான் தேடினாள். செவ்வாய் மாலை இன்னொரு மரணச் செய்தி வந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. புதன் காலை கோழிகளைக் கூண்டில் அடைத்து, வாடகை வண்டியில் அகேரோ சந்தைக்குப் புறப்பட்டாள். வழியில் பாலத்தின்மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாலைச் செய்தியில் நான்கு பேர் என்றார்கள். அதில் ஒருத்தி

(இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கியிருக்கிறேன்.)

குழுவில் மெழுகுவத்திகள். மூன்று நாள் யாரும் விளம்பரம் போடவில்லை. விதி சரியாக வேலை செய்தது.

5

அடக்கம் முடிந்த மறுவாரம், அவள் முன்பே சொல்லிவைத்திருந்த நூறு குஞ்சுகள் அட்டைப்பெட்டிகளில் வந்தன. திருப்பியனுப்ப மனம் வரவில்லை. வளர்த்தேன்.

இன்று காலைச் செய்தியில் எங்கோ மண்சரிவு. குழுவில் மெழுகுவத்திகள். அவள் விளம்பரத்தை, என் காற்புள்ளிகளை எடுத்துவிட்டு, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். மதியம் அகோத் வந்து என் போனை எட்டிப் பார்த்தாள்.

"போடுங்க வாத்தியாரே. அதுல யாரையும் நோகடிக்கிற வார்த்தை ஒண்ணுகூட இல்ல."

அன்று விலகிப்போன அந்தத் தாய் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று கேட்டேன்.

"அவளுக்காகத்தான விதி போட்டீங்க? அந்த மூணு நாள்ல அவ வீட்டுக்கு நம்ம யாராச்சும் சோறு கொண்டு போனமா?"

கொண்டுபோகவில்லை.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அனுப்புகிறேன். இன்னொன்றில் மூன்று நாள் பொறுக்கிறேன். முதலாவதில் நான் திருந்தியவன், இரண்டாவதில் கண்ணியமானவன். இரண்டிலும் கதை என்னைப் பற்றியதாகிவிடுகிறது. இரண்டையும் அடித்துவிட்டேன்.

நீங்கள் எங்களை அறியாதவர். மூன்றாம் பகுதிக்குப் போய் அவள் எழுதியதை மட்டும் இன்னொருமுறை படியுங்கள், உங்கள் வீட்டில் துக்கம் நடந்த நாளை நினைத்துக்கொண்டு. என்ன தோன்றுகிறதோ அதுவே முடிவு.

நான் தீனி போட எழுந்திருக்க வேண்டும். குஞ்சு வந்த தேதியை அடோயோ கொட்டகைச் சுவரில் கரியால் எழுதுவாள். அதற்குக் கீழே இந்த முறை நான் எழுதியிருந்தேன். எண்ணிப் பார்த்தேன். இன்றோடு நாற்பத்திரண்டு நாள்.