வேலியடியில் ஒரு கதிரை

புருஷனை வீட்டுக்குள் விடாதவள் என்று கிண்ணியாவில் எனக்குப் பெயர் வந்தது ஐம்பத்தேழாம் ஆண்டில். வரட்டுமே! சொன்னவர்கள் யாரும் என்னைப் போல் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவர்கள் இல்லை. மூன்றாவதுக்கு அப்போது எட்டு மாதம்.

என் புருஷன் அன்ஸார் மச்சானுக்குத் துறைமுகத்தில் கப்பலில் சாமான் இறக்கும் வேலை. அந்த வருஷம் உலகமெல்லாம் ஒரு காய்ச்சல் சுற்றியது. எங்கள் பக்கம் அது கப்பலில்தான் வந்தது என்று சனம் பேசிக்கொண்டது. அவரோடு மூட்டை தூக்கிய ஏழு பேர் ஒரு கிழமைக்குள் படுத்துவிட்டார்கள். உப்புவெளியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் பிள்ளையோடு போய்விட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் போதும், கை வயிற்றை விட்டு எழும்பாது.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கிடைப்பது. மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். அந்தத் தைரியத்தில், வேலை முடிந்து வந்தவரை வாசலிலேயே மறித்தேன்.

"மச்சான், புள்ள பொறக்கு மட்டும் உங்கட உம்மா வீட்ட போய் இருங்க."

"என்னடி கதை இது? எனக்கு ஒரு தும்மல்கூட இல்லையே."

"வந்த பொறகு சொல்லி என்ன? வேலைய விடவும் ஏலாதுதானே. போங்க."

பாவம், போனார். பின்நேரமானால் வேலிக்கு வெளியே நின்று, "புள்ள அசையுதா?" என்று கேட்பார். ஓம் என்றால், வாங்கி வந்த மீனை வேலியில் கொழுவிவிட்டுப் போவார். என்னோடு இருந்த என் உம்மா அதை மூன்று தரம் கழுவுவார். எனக்கு அதுவும் போதாது.

ஊர் சும்மா இருக்குமா? வயிற்றுப் பிள்ளைக்காரி புருஷனைத் துரத்திவிட்டாள், தலாக் வரைக்கும் போய்விட்டது என்று கதை கட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, எங்களைச் சேர்த்து வைக்கப் பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார் ஹிஸ்புல்லா வந்தார். தனியாகவா? பதினொரு பேர்! முன்னுக்கு அன்ஸாரின் உம்மா, என் மாமி பரீதா. பின்னால் ஒருவர் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டு. நான் கதவைப் பூட்டினேன்.

"திற மகள், இருந்து பேசுவம்" என்றார் மரைக்கார்.

"எங்களுக்குள்ள ஒரு பிணக்கும் இல்ல. காய்ச்சலுக்குப் பயந்துதான். எல்லாரும் போங்க!" என்று யன்னலுக்குள்ளால் கத்தினேன்.

"என்ர மகன் என்ன நாயா, வேலிக்கு வெளியில நிக்க?" மாமி விடவில்லை. "நீ ஒருத்திதான் உலகத்தில புள்ள பெறப் போறியா?"

அந்தச் சொல் சுட்டது. ஆனாலும் நான் திறக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை அன்ஸார் வரவில்லை. வியாழனும் வரவில்லை. காய்ச்சலில் கிடக்கிறார் என்று பக்கத்து வீட்டு றஹ்மா சொன்னாள். அல்லாஹ்வே! நான் துரத்திய மனிதன். ஓடிப் போய் அவர் தலைமாட்டில் இருக்கச் சொல்லி நெஞ்சு அடித்துக்கொண்டது. வயிற்றுக்குள் இருந்தது உதைத்தது. முக்காட்டைப் போடுவதும் கழற்றுவதுமாக வெள்ளிக்கிழமை பின்நேரம் வரை கிடந்து உழன்றேன். கடைசியில் கதவைத் திறந்தேவிட்டேன்.

வேலிக்கு வெளியே மாமி நின்றார்.

"அங்கேயே நில்லு! எங்க வெளிக்கிட்ட நீ?"

"மச்சானப் பார்க்க."

"அவன் இண்டைக்குக் கஞ்சி குடிச்சான். காய்ச்சல் இறங்குது. நீ வரத் தேவையில்ல."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "உள்ள வாங்க மாமி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"உனக்கென்ன விசரா? நான் காய்ச்சல்காரனுக்குப் பக்கத்தில இருந்து வாறன்."

உம்மா ஒரு கதிரையைக் கொண்டுபோய் வேலியடியில் வைத்துவிட்டு வந்தார். மாமி அதில் இருந்தார். 

"அண்டைக்கு நான் கத்தினது பெத்த வயிறு கத்தினது, மகள். மனசில வைக்காத. அன்ஸார் எனக்கு மூத்த புள்ள இல்ல. பதினெட்டாம் ஆண்டிலயும் இப்பிடி ஒரு காய்ச்சல் வந்தது. அப்ப எனக்கு வயித்தில ஏழு மாசம். அவன்ட வாப்பா காய்ச்சலோட வந்து வாசல்ல நிண்டார். மறிச்சா சனம் என்ன சொல்லும் எண்டு..."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நான் கதவைத் திறந்துட்டன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி கையை நீட்டி வீட்டைக் காட்டினார். நான் உள்ளே போய்க் கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும் மட்டும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.