பக்கத்து சீட்டு பிரேக்

"காரை எடும்மா, வண்டி உள்ள வரணும்," என்று பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது முறையாகச் சொன்னார். அவள் சாவியை உள்ளங்கையில் இறுக்கியபடி வாசலிலேயே நின்றாள். நேற்று ராத்திரி விட்ட இடத்திலேயே கார் கேட்டை அடைத்துக்கொண்டு கோணலாக நின்றது. அப்பா பார்த்திருந்தால் மறுபடி போடச் சொல்லியிருப்பார்.

அப்பாவை உள்ளே கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

"நான் எடுக்கட்டாக்கா?" என்றான் தம்பி. காலையில்தான் வந்து இறங்கியிருந்தான்.

"வேணாம்டா."

கதவைத் திறந்ததும் பக்கத்து சீட்டின் கீழே கிடந்த ரப்பர் விரிப்புதான் கண்ணில் பட்டது. வலது கால் படும் இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

அப்பா முப்பத்திரண்டு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வேலையை விட்டு ஒன்பது வருடமாகியும் கால் அதை மறக்கவில்லை. யார் ஓட்டினாலும் இல்லாத பிரேக்கை மிதிப்பார். தெருவில் அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்றே பேர். மகள் ஓட்டினால் இரண்டு மடங்கு மிதிப்பார்.

"ஏம்ப்பா, இருபது வருஷமா ஓட்டுறேன்," என்பாள்.

"எதிர்ல வர்றவன் செஞ்ச புண்ணியம், இருபது வருஷம் தள்ளிட்ட," என்பார்.

நேற்று அப்பா அம்மாவோடு விளக்குக் காட்சிக்குப் போகலாம் என்றது அவள்தான். ஆற்றோரப் பூங்கா முழுக்க ஒளியால் செய்த உருவங்கள். மரமெல்லாம் நீலத் துளிகள், தண்ணீர்மேல் வெள்ளைப் பறவைகள். "இவ்ளோ வெளிச்சம் போட்டும் கீழ படி எங்கன்னு தெரியல பாரு," என்று அப்பா குறை சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தார்.

கடைசியில் வீட்டு உயரத்துக்கு ஒரு ஒளி வளையம். அதற்குள் நுழைந்துதான் வெளியே போகவேண்டும். நிறம் மாறிக்கொண்டே இருந்தது. இவர்கள் நெருங்கியபோது சிவப்பு. அப்பா சட்டென்று நின்று, அம்மாவின் முன்னால் கையை நீட்டித் தடுத்தார்.

"என்னங்க?"

"சிவப்பு."

"ஐயோ, இது சிக்னல் இல்லங்க. மானம் போகுது, நடங்க."

"சிவப்புன்னா சிவப்புதான்."

பின்னால் இருபது பேர் தேங்கிவிட்டார்கள். "சார், போலீஸ் யாரும் இல்ல, தைரியமா போங்க," என்று ஒருவர் குரல் கொடுத்தார். அப்பா அசையவில்லை. சிவப்பு மஞ்சளாகி, ஊதாவாகி, ஒருவழியாகப் பச்சையானது. "போலாம்," என்று அம்மாவின் முதுகில் கை வைத்தார். கூட்டமே கைதட்டியது. அம்மா வெட்கத்தில் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில், வீடு திரும்பும் வழியில், பாலத்து வளைவு. அவள் கொஞ்சம் வேகமாகவே திருப்பிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பாவின் கால் அசையவில்லை. தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. கடைசியில் நம்மை நம்பிவிட்டார் என்று நினைத்தாள். சிரிப்புகூட வந்தது. அந்தச் சிரிப்போடுதான் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான், "அப்பா, எறங்குங்க," என்று தோளைத் தொட்டாள்.

உயிர் எப்போ போச்சு, எப்போ போச்சு என்று காலையிலிருந்து வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். "தூக்கத்துலயே" என்று டாக்டர் சொன்னதையே அவளும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வளைவைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

காரை எடுத்தாள். வண்டி உள்ளே வந்தது. அப்பாவை ஏற்றினார்கள். "பின்னாலயே வந்துடுக்கா, விட்டுடாத," என்று சொல்லிவிட்டுத் தம்பி அதிலேயே ஏறிக்கொண்டான். அவள் காரைக் கிளப்பும்போது பக்கத்துக் கதவு திறந்தது. அம்மா. எப்போதும் பின்சீட்டில் உட்காருகிறவள். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்த மாஸ்டர், பெண்டாட்டிக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆரம்பித்த மூன்றாம் நாளே இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனதாம்.

"பெல்ட் போடும்மா."

அம்மா போட்டுக்கொண்டாள். தெருமுனை திரும்பியதும் அவள் சொன்னாள்.

"அம்மா, பாலத்து வளைவுல அப்பா பிரேக் மிதிக்கல."

அம்மா முன்னால் போகும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் புரியலம்மா. என்னை நம்பிட்டாருன்னு நெனச்சு சந்தோஷமா ஓட்டிட்டு வந்தேன். ஆஸ்பத்திரிய வேற தாண்டி..."

"கார்ல ஏறும்போதே எங்கிட்ட சொன்னாரு," என்றாள் அம்மா. "'அவ நல்லாத்தான் ஓட்டுறா, நான் ஒரு தூக்கம் போடுறேன்'னு."

"எப்போம்மா? எனக்குக் கேக்கலயே."

"நீ அப்ப டிக்கில பைய வச்சிட்டிருந்த."

நேற்று அவர்கள் பை எதுவும் கொண்டுபோகவில்லை. அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

முன்னால் போன வண்டி சிக்னலைத் தாண்டியது. மஞ்சள் விழுந்தது. அவளும் கூடவே தாண்டியிருக்கலாம். நிறுத்தினாள். சிவப்பு. பக்கத்தில் ரப்பர் உரசும் சத்தம் கேட்டது. அம்மாவின் செருப்பு, விரிப்பின் தேய்ந்த இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் வண்டி ஓரம் கட்டிக் காத்திருந்தது.

பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

அம்மா மெல்லக் காலை எடுத்தாள்.