நெஞ்சில் கை வைத்த முதலாளி

எங்கள் மாடிவீட்டுக்காரியும் அவள் புருஷனும் பிரிந்துவிட்டார்கள் என்றுதான் தெருவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதிப் பேருக்கு யார் சொன்னது என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம். ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு பேரைச் சேர்த்து ஒரு நாளும் பார்க்க முடியவில்லை என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தானே செய்வார்கள்?

விஷயம் ரொம்பச் சாதாரணம். புருஷனுக்கு ரொட்டிக்கடை அடுப்பில் ராத்திரி வேலை. அவளுக்கு எதிர்சாரியில் இருக்கும் மெத்தைப் பட்டறையில் பகல் வேலை. மெத்தைக்கு நாலு பக்கமும் நாடா வைத்து ஓரம் தைப்பவள். காலையில் அவன் மாவும் வியர்வையுமாக வந்து சேர்வதற்குள் இவள் கிளம்பியிருப்பாள். சாயங்காலம் ஆறு மணிக்கு இவள் பட்டறையை விட்டு வரவும், அவன் வேலைக்குப் புறப்பட்டுப் போகவும் சரியாக இருக்கும். தெருமுனையில், செருப்புத் தைக்கும் கடைக்கு முன்னால், இரண்டு பேரும் நிற்பார்கள். சாவி கை மாறும். "தண்ணி பிடிச்சு வெச்சிருக்கேன்." "சரிங்க, பாத்துப் போங்க." அவ்வளவுதான் இல்லறம். அதையும் பஸ் வந்துவிட்டால் பாதியில் நிறுத்திவிட்டு அவன் ஓட வேண்டும்.

அதனால் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எட்டு மணிக்கே வேலைக்கு வந்துவிடுகிறேன், ஐந்து மணிக்கே விட்டுவிடுங்கள். சரக்கு இறக்குவதற்காக முதலாளியம்மா எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிடுவார். மெஷினும் சும்மாதான் கிடக்கும். யாருக்கும் தம்பிடி நஷ்டமில்லை. அவளுக்கு மட்டும் ஒரு மணி நேரப் புருஷன் லாபம்.

இதைப் பழைய முதலாளியிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பழைய முதலாளி என்றால் வேறு ஆள் இல்லை, இதே ஆள்தான். முகாமுக்குப் போவதற்கு முன்னால் இருந்தவர்.

அந்தக் காலத்தில் மெத்தை முதலாளி வாயைத் திறந்தால் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணி ஆடும். "எருமை", "தண்டச்சோறு", இன்னும் எழுத முடியாத சில. ஆனால் லீவு என்று போய் நின்றால், "எனக்குன்னு வந்து வாய்ச்சீங்களே! போய்த் தொலை!" என்பார். போய்த் தொலை என்றால் லீவு கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். கைமாற்று கேட்டால் "வாங்கித் தொலை." மகளுக்குக் கல்யாணம் என்றால் "பண்ணித் தொலை, மெத்தை நான் தர்றேன்." திட்டு காதோடு போகும், கேட்டது கைக்கு வரும். கணக்கு நேராக இருந்தது.

பிறகு யாரோ சொன்னார்கள் என்று மலைமேல் ஒரு தங்கும் விடுதியில் நடந்த முகாமுக்குப் போனார். அன்பான தலைமை, ஊழியர் நலன், அப்படி ஏதோ. முதல் நாள் ஆளுக்கொரு மரத்தின் முன்னால் உட்கார வைத்து, அது சொல்வதைக் கேட்கச் சொன்னார்களாம். மரம் லீவு கேட்காது. அதனால் முதலாளிக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது.

திரும்பி வந்த மனுஷனைப் பார்த்துப் பட்டறையே மிரண்டுபோனது. குரல் இல்லை. வெள்ளைச் சட்டை. முகத்தில், பல் பிடுங்கிய பிறகு மரத்துப்போன வாயில் வருமே, அந்த மாதிரி ஒரு புன்னகை. காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, மனசு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும் என்றார்.

"நல்லா இருக்கு சார்" என்றார் ஸ்பாஞ்ச் வெட்டுகிற பெரியவர்.

"நல்லாங்கிறது உணர்ச்சி இல்லைங்க. உள்ளே போய்ப் பாருங்க."

வெட்டுக்காரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பசிக்குது சார்" என்றார்.

"அது உடம்பு. அதுக்கும் உள்ளே."

"அதுக்கும் உள்ளே போனா மூலம் இருக்கு சார். அதைச் சபையில சொல்லணுமா?"

இந்த வட்டம் அரை மணி நேரம். அரை மணி நேர உற்பத்தியை யார் கொடுப்பது? அதனால் சாயங்காலம் அரை மணி நேரம் தள்ளித்தான் விடுவார்கள். மனசுக்காக எடுத்துக்கொண்டதை முதுகில் வசூலித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போயிற்று. மாடிவீட்டுக்காரி வருவதற்குள் ரொட்டிக்காரன் பஸ் ஏறியிருப்பான். தெருமுனைச் சந்திப்பும் இல்லை. சாவி எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வந்தது.

அதில் நமக்கொன்றும் வருத்தமில்லை. புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்வதும், பெண்டாட்டி புருஷனுக்குச் சொல்வதும் நம் வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? "பல்பு மாத்திட்டேன்னு சொல்லுங்க." "வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்து போனாருன்னு சொல்லுங்க." ஆனால் ஒரு நாள் ரொட்டிக்காரன் சாவியைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றான்.

"அவகிட்ட சொல்லுங்க..." என்றான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நாமும் காதைத் தீட்டிக்கொண்டோம். "வேண்டாங்க்கா. நானே சொல்லிக்கிறேன்" என்று போய்விட்டான். எப்போது சொல்வான்? அன்றைக்கெல்லாம் அவன் சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று நினைத்து நினைத்து நமக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் சாவி கொடுக்க வந்தவளிடம் அதைச் சொன்னபோது அவள் முகம் வாடிப்போயிற்று. "எதுவா இருந்தாலும் எங்கிட்ட நேராத்தான்க்கா சொல்லுவாரு" என்றாள். அன்றைக்கே முதலாளியிடம் போனாள்.

முதலாளி அவளைச் சாம்பிள் அறைக்கு அழைத்துப்போனார். அங்கே எதிரெதிராக இரண்டு குட்டி மெத்தைகள். அவளை ஒன்றில் உட்கார வைத்து, தானும் ஒன்றில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவள் சொன்னாள். எட்டு, ஐந்து, புருஷன், சாவி, எல்லாம். முதலாளியின் கண்ணோரத்தில் தண்ணீர் நின்றது.

"நீ சொல்றது எனக்குக் கேக்குதும்மா" என்றார். எழுந்து போய்விட்டார்.

சரி, யோசித்துச் சொல்வார் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. மறுபடி போனாள். மறுபடி குட்டி மெத்தை, மறுபடி நெஞ்சில் கை. போன தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கண்ணீர். மூன்றாவது தடவை போய், "அப்ப நாளையிலேர்ந்து எட்டு மணிக்கு வரட்டா சார்?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

முதலாளி பரிதாபமாகப் பார்த்தார். "பதில் சொல்றது ஒரு வன்முறைம்மா. முகாம்ல அதைத்தான் முதல்ல சொல்லிக்கொடுத்தாங்க. உன் கேள்விக்கு நான் பதில் சொன்னா, உன் வலியை உங்கிட்டேர்ந்து பிடுங்கிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"பிடுங்கிக்கங்க சார். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

நெஞ்சில் கை.

வெட்டுக்காரர் அவளிடம் புலம்பினார். "முந்தி திட்டு இருந்துச்சு, லீவும் இருந்துச்சு. இப்ப ரெண்டும் இல்லை. பேசாம நாம எல்லாரும் ஒரு நாள் மெத்தையைக் கொளுத்திப் பாக்கலாமா? அப்பவாவது திட்டறாரான்னு பாப்போம்."

முதலாளியம்மா நிலைமை இதைவிட மோசம். அவர் வீட்டு மொட்டைமாடியும் எங்கள் மொட்டைமாடியும் ஒரு சுவர் தள்ளி. துணி எடுக்க வந்தவர் ஒரு நாள் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"சிலிண்டர் தீர்ந்துடுச்சுன்னு சொன்னேங்க. கண்ணை மூடிக்கிட்டு, உன் கவலை எனக்குக் கேக்குதுங்கிறார். கவலைய யாரு கேட்டா? சிலிண்டரைப் போய்க் கேளுங்கன்னேன். அதுக்கும் நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டார்."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? ராத்திரி தட்டு முன்னாடி உக்காந்து, சாப்பாடு எங்கேன்னார். நானும் எதிர்ல உக்காந்து, கண்ணை மூடி, நெஞ்சுல கைய வெச்சு, உங்க பசி எனக்குக் கேக்குதுங்கன்னேன்."

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ராத்திரி முதலாளி வீட்டிலிருந்து வந்த சத்தம் நம் காதிலேயே விழுந்திருந்தது. பழைய குரல், அதே எருமை, அதே தண்டம். காலையில் சிலிண்டரும் வந்தது.

இப்படி ஒரு சமாசாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டிருப்பது உடம்புக்கு ஆகாது. அன்று சாவி வாங்க வந்த மாடிவீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே, "சத்தம் போட்டாருன்னா சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வணிகர் சங்கத்து விருது வந்தது. ஊழியர் நலம் பேணும் முதலாளிக்கு ஒரு விருது. யார் தகுதியென்று பார்க்க ஒரு குழு பட்டறைக்கே வருகிறது. அதே நாளில் ஒரு விடுதிக்குப் போக வேண்டிய மெத்தைகளை ஏற்ற லாரி வருகிறதே என்று முதலாளியம்மா முன்னாலேயே எச்சரித்தார். முதலாளி அந்த எச்சரிக்கையையும் நெஞ்சில் கை வைத்து முழுமனதாகக் கேட்டுக்கொண்டார்.

குழு வந்த அன்று எங்கள் வீட்டுத் தலையணைக்குப் பஞ்சு போதவில்லை. அதனால் பட்டறைக்குப் போக வேண்டியதாயிற்று. வாசற்படியில் உட்கார இடமில்லாத கூட்டம். நிறைய தலையணைகளுக்கு அன்று பஞ்சு போதவில்லை போலிருக்கிறது.

குழுவுக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாதான் தலைவி. வட்டம் அழகாக நடந்தது. வெட்டுக்காரர், "மனசு புதுப் பஞ்சு மாதிரி இருக்கு சார்" என்றார். கண்ணாடியம்மா உருகிப்போனார். எல்லாம் முடிந்து அவரவர் மெஷினுக்குப் போகவும் வெளியே லாரி ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"சார், ஏத்தலாமா? நடுரோட்டுல நிக்குது வண்டி" என்று டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

முதலாளி புன்னகை மாறாமல் மாடிவீட்டுக்காரியின் மெஷினுக்கு வந்தார். "விடுதி மெத்தைக்கெல்லாம் ஓரம் முடிஞ்சுதாம்மா?"

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். வலது கையை நெஞ்சில் வைத்தாள்.

"நீங்க சொல்றது எனக்குக் கேக்குது சார்."

"சந்தோஷம்மா. முடிஞ்சுதா?"

"உங்க குரல்ல ஒரு பதற்றம் இருக்கு சார். உள்ளே போய்ப் பாருங்க."

முதலாளி கண்ணாடியம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெட்டுக்காரரிடம் திரும்பினார். "பெரியவரே, நீங்க சொல்லுங்க."

வெட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். நெஞ்சில் கை வைத்தார். "நான் உங்ககூடவே இருக்கேன் சார்."

"கூட இருக்கறது தெரியுது. மெத்தை எங்கே இருக்கு?"

"அந்த வலியை நான் பிடுங்கிக்க மாட்டேன் சார்."

"அடடா, தொழிலாளிங்களுக்கும் இது பரவியிருக்கே!" என்று கண்ணாடியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஹாரன் இன்னும் நீளமாக அடித்தது. "யாராவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா!" என்று டிரைவர் கத்தினார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் டிரைவரின் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

முதலாளி மூச்சை உள்ளே இழுத்தார். வெளியே விட்டார். மறுபடி இழுத்தார். காது மடல் சிவந்தது. இழுத்த மூச்சு இந்தத் தடவை சும்மா வெளியே வரவில்லை.

"எருமைகளா! லாரி நிக்குது, கேட்டா நெஞ்சைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கீங்க! வாயில என்ன கொழுக்கட்டையா? முடிஞ்சுதா இல்லையா?"

மாடிவீட்டுக்காரி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "பதில் சொல்லலாமா சார்? அது வன்முறையாச்சே."

"சொல்லித் தொலை!"

"எல்லாம் நேத்தே முடிஞ்சு பின்கட்டுல அடுக்கியாச்சு சார். ஏத்த வேண்டியதுதான். இப்ப நான் கேட்டதுக்கு நீங்களும் சொல்லித் தொலைங்க. எட்டு மணிக்கு வந்து அஞ்சு மணிக்குப் போகட்டா?"

"வந்து தொலை! போய்த் தொலை! யார் உன்னைப் பிடிச்சு வெச்சிருக்கா!"

வெட்டுக்காரர் சட்டென்று எழுந்துவிட்டார். "சார், எனக்கு வியாழக்கிழமை லீவு..."

"நீயும் போய்த் தொலை!"

பட்டறை முழுக்கக் கை தட்டியது. வாசற்படியும் தட்டியது. முதலாளியம்மா கல்லாப் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணாடியம்மா மட்டும் பேயைப் பார்த்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

விருது அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரருக்குப் போயிற்று. அவர் அந்த வருஷம் தன் ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியவர். ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கட்டிப்பிடித்து, கையில் ஒரு பூந்தொட்டியும் கொடுத்து அனுப்பினாராம். குழுவில் யாருக்கும் கண்ணீரை அடக்க முடியவில்லையாம். பூந்தொட்டி வாங்கினவர்கள் என்ன ஆனார்கள் என்று குழு கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் முதலாளி கொஞ்ச நாள் உம்மென்று இருந்தார். வட்டம் இன்னும் நடக்கிறது, ஆனால் அரை மணி நேரம் பிடிப்பதில்லை. யாராவது நெஞ்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே, "என்ன வேணும், சொல்லித் தொலை" என்று எழுந்துவிடுகிறார்.

மாடிவீட்டுக்காரி மறுநாளே ஐந்து மணிக்கு வந்தாள். சாவிக்காக எங்கள் ஜன்னலுக்கு வரவில்லை. நேராகப் படியேறினாள். பிறகு பக்கெட்டை எங்கே வைப்பது என்பதில் ஆரம்பித்து, பல்பு யார் மாற்றியது, வீட்டுக்காரருக்கு யார் என்ன சொன்னது என்று இத்தனை நாள் நம் வழியாகப் போன சமாசாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சண்டை நடந்தது. தெருவே கேட்டது. பிரிந்துவிட்டார்கள் என்று சொன்னவர்கள்கூட, "இல்லை, இவங்க புருஷன் பெண்டாட்டிதான்" என்று ஒப்புக்கொண்டார்கள்.

சண்டை நடுவில் நின்றது. "அன்னிக்கு ஜன்னல்ல என்னமோ சொல்ல வந்தீங்களாமே, என்னங்க அது?" என்று அவள் கேட்டது நன்றாகக் கேட்டது. நாம் படிக்கட்டைப் பெருக்குகிற சாக்கில் மேல்படி வரைக்கும் போய்விட்டோம்.

ரொட்டிக்காரன் எழுந்து வந்தான். நம்மைப் பார்த்தான். மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்தான். கதவைச் சாத்திவிட்டுப் போய் அவளிடம் சொன்னான்.