பந்தக்கால் கலக வழக்கு

குக்கரின் இரண்டாவது விசிலும் கோதண்டராமனின் முதல் விசிலும் ஒரே சமயத்தில் அடித்தன. குக்கரை அருணாதேவி இறக்கி வைத்தாள். மாமனாரின் விசிலுக்கு வீடே கூடத்தில் வந்து நின்றது.

சுபேதாராக ஓய்வு பெற்றவர் அவர். பேத்தி ஆர்த்தியின் கல்யாணம் முடியும்வரை வீட்டில் ராணுவச் சட்டம் என்று அறிவித்து, ஆணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். அதில் ஐந்து குற்றங்கள். முதலாவது கலகம்; ஐந்தாவது, கேட்காமல் ஏ.சி. போடுவது.

அன்று காலை வாசலில் பந்தக்கால் நட்டார்கள். கொம்புக்கு மஞ்சள் குங்குமம் வைக்க ஐந்து சுமங்கலிகள் வேண்டும். கணவனை இழந்தவள் தொடக்கூடாது. ஐந்தாமவள் வந்த பஸ் கிரிவலப் பாதை நெரிசலில் மாட்டிக்கொண்டது. நல்ல நேரம் முடிய நாலு நிமிடம். அருணாதேவி உள்ளேயிருந்து வந்தாள். தன் பெண்ணின் கல்யாணக் கொம்புக்கு மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், கை கழுவப் போய்விட்டாள்.

கலகம் என்றார் கோதண்டராமன். உள்நாட்டுச் சதியும் சேர்க்கப்பட்டது.

நீதிபதிகள் மூவர். தலைமை அவர். கூட, பட்டாளத்தில் சமையல் செய்த அர்ஜுனன், லாரி ஓட்டிய பரசுராமன். பரசுராமனின் பழைய பச்சைச் சட்டையில் மூன்றாவது பொத்தான் வயிற்றைத் தாண்டி வர மறுத்ததால் ஃபைலால் மறைத்துக்கொண்டார். குற்றவாளி தரப்புக்கு அவள் தம்பி சக்திவேல். பி.காம். படித்தவன் என்பது தகுதி.

சக்திவேலின் மனைவி பூஜா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அதன்பின் அவன் யாராவது கேட்டால்தான் பேசுவான். இப்போது கேட்டார்கள்.

"நாங்க சிவிலியன் மாமா. ராணுவக் கோர்ட்டு எங்களை விசாரிக்கக் கூடாது."

கோதண்டராமன் ஃபிரிட்ஜைக் காட்டினார். ஆட்சேபணை தள்ளுபடியானது.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று அருணாதேவியைக் கேட்டார்கள். டீக்குச் சர்க்கரை ஜாஸ்தியா கம்மியா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அர்ஜுனன் அதையும் குறித்துக்கொண்டார். டீ வந்தது. இஞ்சி சரியாக இறங்கியிருப்பதாக அர்ஜுனன் கருத்துச் சொல்ல, குற்றவாளியின் டீயை நீதிபதி பாராட்டலாமா என்று பரசுராமன் சந்தேகம் கிளப்பினார். அதற்கே கால் மணி நேரம் போயிற்று.

சக்திவேல் எழுந்தான்.

"தாய்மாமன்னு குழி தோண்டி கொம்பை நட்டது நான். கற்பூரம் காட்டினது நீங்க. மஞ்சள் வெச்சது அக்கா. மூணு பேருக்கும் துணை செத்துப்போச்சு. ஒருத்தரைத்தான் நிக்க வெச்சிருக்கீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பூஜா போனபின் அவனை யாரும் எதிலிருந்தும் விலக்கியதில்லை. மூன்றாம் மாதமே இரண்டு ஜாதகம் வந்தது.

நீதிமன்றம் மொட்டை மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆலோசித்தது. ஆண்கள் விஷயம் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று திரும்பி வந்தது. தீர்ப்புத் தாளில் ஏன் என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அர்ஜுனன் பேனாவை உதறிப் பார்த்தார். மை நன்றாகத்தான் வந்தது. கட்டம் காலியாகவே இருந்தது.

தண்டனை படிக்கப்பட்டது. முகூர்த்தம் முடியும்வரை அருணாதேவி சமையலறையை விட்டு வெளியே வரக்கூடாது. கருணை அடிப்படையில், தாலி கட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த அருணாதேவியின் கை நின்றது. இருபத்து மூன்று வருடம் வளர்த்த பெண்.

ஆர்த்திதான் சொன்னாள். "அப்போ மணையைச் சமையக்கட்டுலயே போடுங்க தாத்தா. அம்மா இல்லாத எடத்துல நான் உக்கார மாட்டேன்."

இது இரண்டாவது கலகம், முதல் வழக்குக்கே டீ தீர்ந்துவிட்டது என்று பரசுராமன் முணுமுணுத்தார். கோதண்டராமன் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை.

சக்திவேல் எழுந்து சமையலறைக்குப் போய், சுவரோரமாக அடிமேல் அடி வைத்து அளந்தான்.

"பத்துக்கு எட்டு. பொண்ணு, மாப்பிள்ளை, ஐயரு, அக்கா. சரியா இருக்கும்."

"நாங்க எங்கடா நிக்கறது?" என்றார் கோதண்டராமன்.

"வெளியதான் மாமா. ஜன்னல் இருக்குதே. பாத்துக்கலாம்னு நீங்கதானே தீர்ப்பு எழுதினீங்க."