கண்ணாடிக்கு இரண்டு ஆணி

அந்த வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுதான். அதற்கு ஆணி இரண்டு. மேல் ஆணி அவனுக்கு, கீழ் ஆணி அவளுக்கு. யார் முதலில் எழுந்தாலும் தனக்குத் தோதான ஆணியில் கண்ணாடியை மாட்டிக்கொள்வார்கள். அடுத்தவர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றுவார். கல்யாணமான நாள் முதல் இதே பாடுதான். அலுவலகத்தில் அவனுக்குக் கொடிக்கம்பம் என்று பட்டப்பெயர். அவள் அங்கே சேர்ந்த அன்றே பொடிசு ஆகிவிட்டாள்.

ஒரு சோப்புக் கம்பெனி ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் மரம் வைத்து வளர்த்து வந்தது. அவை எப்படி வளர்கின்றன, காற்றிலிருந்து எவ்வளவு கரியை இழுக்கின்றன என்று ஆண்டுதோறும் அளந்து அறிக்கை கொடுப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. குறியிட்ட மரங்களின் சுற்றளவை நாடா பிடித்து எடுக்க வேண்டும். போன ஆண்டு வரை அதை அவன் செய்தான். அவன் நாற்றுப்பண்ணைக்கு மாறிப்போனதும், தையல் கடையில் துண்டுக்கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்த அவளை அந்த வேலைக்குத் தற்காலிகமாக எடுத்தார்கள். இந்த அறிக்கை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்று மேலாளரம்மா சொல்லியிருந்தார். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற வாழ்க்கையை அவள் அதுவரை கண்டதில்லை.

வேலையைச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். "விதிப்படி தரையிலேர்ந்து ஒன்னு முப்பது மீட்டர் உயரத்துல அளக்கணும். ஒவ்வொரு மரத்துக்கும் அதைப் பார்த்துட்டிருந்தா பொழுது சாஞ்சிடும். நெஞ்சுக்கு நேரா நாடாவைச் சுத்து, சரியா இருக்கும்."

அவளும் அப்படியே சுற்றினாள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் மரங்கள் ஒரே ஆண்டில் கண்டபடி பருத்திருந்தன. மேலாளரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கைராசிக்காரிம்மா நீ! கம்பெனிக்காரங்க இதைச் சோப்பு அட்டையிலேயே போடப்போறாங்க. நாளைக்கு அறிக்கை போகுது."

சாயங்காலம் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துவிட்டு, தலைவாரக் கண்ணாடிமுன் போய் நின்றாள். அது மேல் ஆணியில் இருந்தது. சீலிங் ஃபேன்தான் தெரிந்தது. வழக்கமான முணுமுணுப்போடு கழற்றியவள், கீழ் ஆணியில் மாட்டாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. இந்தச் சுவரை மரம்னு வெச்சுக்கோங்க. போன வருஷம் நாடாவை எங்கே பிடிச்சீங்க?"

அவன் நெஞ்சுக்கு நேராக உள்ளங்கையை வைத்தான். அவளும் தன் நெஞ்சுக்கு நேராக வைத்தாள். இடையில் ஒரு ஜாணுக்கு மேல் சுவர் இருந்தது.

"அடிமரம் கீழே பருமனா இருக்கும், மேலே போகப்போக ஒல்லியாகும்" என்றாள் மெதுவாக. "மரம் பருக்கலைங்க. நான் குள்ளம்."

"அடிப்பாவி!"

"நானா பாவி? நெஞ்சுக்கு நேரான்னு சொன்ன மகராசன் யாரு?"

"உன் நெஞ்சு அவ்வளவு கீழே இருக்கும்னு நான் கண்டேனா?"

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு, இப்பதான் கண்டாராம்!"

சிரிப்பு அடங்கியதும் அவன் குரல் தணிந்தது. "சொன்னா வேலை போயிடும்மா. பேசாம இருந்துட்டா?"

"அடுத்த வருஷமும் நான்தானே அளப்பேன்? அப்போ இந்த அளவுக்கு ஏறாதே. மரத்துக்கு என்ன சீக்குன்னு என்னைத்தான் கேப்பாங்க." கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இல்லாததை இருக்குன்னு அட்டையில போட்டா எனக்குச் சோறு இறங்காதுங்க. போனா போகட்டும், தையல் மிஷின் இருக்கு." சொன்னாளே தவிர, விரல்கள் கண்ணாடிச் சட்டத்தை விடவில்லை.

மறுநாள் காலை அவனைக் கதவோடு சேர்த்து நிறுத்தி, அவன் நெஞ்சு உயரத்துக்கு ஒரு குச்சி வெட்டினாள். விதி உயரத்துக்கு இன்னொன்று. இரண்டையும் தூக்கிக்கொண்டு மேலாளரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அட்டை வரைஞ்சே முடிச்சாச்சேம்மா!" என்று அவர் தலையில் கை வைத்தார்.

"ரெண்டு நாள் கொடுங்க மேடம். போன வருஷம் அளந்த உயரத்துல ஒரு தடவை அளந்தா உண்மையான வளர்ச்சி வந்துடும். விதி உயரத்துல இன்னொரு தடவை எடுத்து வெச்சா, இனிமே யார் அளந்தாலும் மாறாது."

அளந்தாள். மரங்கள் வளர்ந்திருந்தன, பெருமையடிக்கும்படி அல்ல. சில அப்படியே நின்றிருந்தன. அறிக்கை அதையே சொன்னது. தவறு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு பத்தி இருந்தது. அட்டையில் வெறும் இலைப்படம் வந்தது.

மேலாளரம்மா விதிக்குச்சியை வாங்கித் தன் அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். "இங்கேயே இருக்கட்டும். அடுத்த வருஷம் வந்து எடுத்துக்கோ."

"நானா மேடம்?"

"பின்னே? புதுசா ஒரு ஆளைப் பிடிச்சு, அவர் எதுக்கு நேரா அளக்கறார்னு நான் பார்த்துட்டிருக்கவா?"

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தால், அவன் கையில் சுத்தியல். இரண்டு ஆணிகளையும் பிடுங்கிவிட்டு, புதிதாக ஒன்று அடித்துக் கண்ணாடியை மாட்டியிருந்தான்.

"ஒன்னு முப்பது. இனிமே வீட்டுலேயும் விதிப்படிதான்."

அவள் எதிரே நின்று பார்த்தாள். "என் கழுத்து தெரியுது. உங்க தொப்பை தெரியுது. இதுக்கா ரெண்டு ஆணியைப் பிடுங்கினீங்க? கொண்டாங்க சுத்தியலை."